பூஜைக்காக எழுதிய வரி

அன்றைக்கு நான் புதிதாக எதையும் அமுக்கவில்லை. தினமும் காலையில் முதல் ட்ராலி நிரம்பியதும் திரையில் எந்தப் படத்தைத் தொடுவேனோ, அதையேதான் தொட்டேன். பெட்டி போட்ட படம். பெட்டி என்றால் பேக்கிங். பச்சை வந்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. எல்லாம் போன வாரம் மாதிரிதான். ஆனால் இடது பக்கம் திரும்ப வேண்டிய வண்டி வலது பக்கம் திரும்பியது. வலது பக்கச் சந்துக்குள் என் மனைவி தரை கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்கும் சீட்டுக்கும் தகடு அழுத்திக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டப் போனவர்கள். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் என்றால் கம்பெனி போர்டில் தினமும் பார்க்கிற சில வார்த்தைகள்தான். என் மனைவியும் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் தரை கழுவுகிறாள். ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் போவோம். உள்ளே போய்விட்டால் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டோம். அது சண்டை இல்லை, எனக்குக் கூச்சம். நாலு பேர் பார்க்க அவளிடம் போய் நின்றால் காது சூடாகிவிடும். அவள் எதிரே வந்தால் நான் கீழே பார்ப்பேன். எங்கள் சூப்பர்வைசர் இதை வைத்தே பிழைப்பு நடத்தினார்.

“யோவ், ஊட்லயாவது பேசுவியா, இல்ல அங்கயும் சைகதானா?” என்பார். பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்த வண்டிக்கு டிரைவர் கிடையாது. தரையில் ஒட்டியிருக்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டு தானே போகும், பின்னால் ட்ராலியை இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் அதற்கு ‘மாப்ள’ என்று பேர் வைத்திருந்தோம். எல்லோரும் ஒதுங்கி வழி விட வேண்டும், அதை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, அது பாட்டுக்கு மணியடித்துக்கொண்டு வரும். வேறு என்ன பேர் வைப்பது?

பிரஸ் ஷாப்பிலிருந்து பேக்கிங்குக்கு இரண்டு வழி. இடது பக்கம் குடோனைச் சுற்றிப் போகிற நீள வழி ஒன்று. வலது பக்கம் மெஷின்களுக்குப் பின்னால் போகிற குறுக்குச் சந்து ஒன்று. சந்தின் நடுவில் ஒரு தூண், தூணை ஒட்டி ஒரு வளைவு. வண்டியின் முன்பக்கத்தில் கண் மாதிரி ஒரு கருவி உண்டு, எதிரில் பூனை வந்தாலும் நின்றுவிடும். ஆனால் பின்னால் வருகிற ட்ராலிக்குக் கண் இல்லை. வளைவில் வண்டி தள்ளிப் போனாலும் ட்ராலி உள்பக்கமாகத் தூணை உரசிக்கொண்டுதான் திரும்பும். காலையில் அந்த இடத்தில்தான் பெண்கள் உட்கார்ந்து, தரையில் படிந்த எண்ணெயைப் பிளேடால் சுரண்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். அதனால் கழுவுகிற நேரத்தில் வண்டி அந்தச் சந்துக்குள் வரக் கூடாது என்று ஒரு ரூல் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த ரூல் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மூன்று நிறம். படத்தைத் தொட்டதும் பச்சை வந்தால் போகும். மஞ்சள் வந்தால் சூப்பர்வைசர் வந்து கார்டு காட்ட வேண்டும். சிவப்பு வந்தால் யார் வந்து கேட்டாலும் போகாது. காலையில் பெட்டிப் படத்தைத் தொட்டால் வண்டி முதலில் குறுக்கு வழியைத் தனக்குள்ளே கேட்டுப் பார்க்கும், அது கூடாது என்று தெரிந்ததும் நீள வழியை எடுத்துக்கொள்ளும். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இடது, கழுவி முடித்த பிறகு வலது. சூரியன் உதிக்கிற மாதிரி அது நடந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அது பெரிய விசேஷம். பிரஸ் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். பொரியும் கடலையும் மூட்டையில் வந்து இறங்கும். குடும்பத்தோடு வரலாம் என்று கேட்டில் பாஸ் கேட்காமல் விட்டார்கள். அந்த வருஷம் மேனேஜரே வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லா வண்டிக்கும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். ஃபோர்க்லிஃப்ட், லாரி, ஆபீஸ் கார், செக்யூரிட்டியின் சைக்கிள் வரை ஆயிற்று. மாப்ள மட்டும் பாக்கி.

“டிரைவர் இல்லாத வண்டிக்குப் பழம் யாருபா ஏத்துறது?” என்று ஒருவன் கேட்டான்.

“நீ போய் மேல குந்து, மாப்ள தோழனா” என்றான் இன்னொருவன்.

சாமி படம் வைத்திருந்தது அந்தச் சந்தின் வாயில். அங்கேதான் இடம் அகலம். சூப்பர்வைசர் நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து, சூடம் ஏற்றி, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கிருந்து சந்துக்குள் போக மட்டுமே வழி, அதனால் நான் பேனல் திரையில் சந்துப் படத்தைத் தொட்டேன். சிவப்பு. மறுபடி தொட்டேன். சிவப்பு. அது காலை நேரம். கழுவுகிற பெண்கள் எல்லாம் பட்டுப் புடவையில் பூ வைத்துக்கொண்டு எங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள், ஆனால் மெஷினுக்கு அது கழுவுகிற நேரம்.

“இன்னாய்யா, உன்ன மாதிரியே அதுவும் கூச்சப்படுது” என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

வண்டிக்கான கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கிற மேடம் அங்கேயே கையில் பொரியோடு நின்றிருந்தார். முப்பது வயசு இருக்கும், திருவள்ளூர்க்காரர். எங்களை அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். சூப்பர்வைசர் அவரிடம் போனார்.

“மேடம், ராகு காலம் வந்துகினு இருக்குது. மேனேஜர் நின்னுக்கினு இருக்காரு. ஒரே ஒரு ரவுண்டு. எல்லா வழியும் தொறந்து உடுங்க.”

“ஒவ்வொரு வழியா எழுதணும் சார், நேரமாகும்.”

“ஒவ்வொண்ணா இன்னாத்துக்கு? மொத்தமா எழுதுங்க. இன்னிக்கு ஒரு நாளு.”

மேடம் பொரியை ஒரு அக்காவின் கையில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பில் ஏதோ தட்டினார். நான் தொட்டேன். பச்சை. வண்டி பழத்தின் மேல் ஏறி, சந்துக்குள் போய், குடோனைச் சுற்றிக்கொண்டு, மணியடித்தபடி மறுபக்கம் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பழம் மட்டும் நசுங்காமல் ஓரமாக உருண்டு போனது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மறுநாள் லீவு. மேடம் அதோடு இன்னும் ஒரு நாள் சேர்த்து லீவு எடுத்திருந்தார்.

லீவு முடிந்து வந்த காலைதான் நான் முதலில் சொன்ன காலை.

வண்டி வலது பக்கம் திரும்பியதும் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கண் பார்க்கிறது, மனசுக்குள் ஏறவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ வீடு இருந்தால் எப்படி இருக்கும், அப்படி நின்றேன். பேனலிலேயே சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கிறது. அமுக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அது என் நினைவுக்கே வரவில்லை. நான் ஓடினேன்.

சந்தின் வாயிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. தூணை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் வண்டியின் மணி அவளுக்குக் கேட்கவில்லை. வண்டியின் முன்பக்கம் அவளைத் தொடாமல் வளைவில் தள்ளிப் போக ஆரம்பித்துவிட்டது. கண் எதிரில் யாரும் இல்லை என்று அது போகிறது. பின்னால் இரும்புத் தகடு நிரம்பிய ட்ராலி.

அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கம்பெனிக்குள் நான் அவளை ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கத்தல் வந்தது. அதில் பேச்சு எதுவும் இல்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட மூக்குக் குத்தும்போது வருகிற சத்தம் மாதிரி இருந்தது என்று பிறகு பக்கத்து மெஷின்காரன் சொன்னான்.

பிரஸ் ஷாப்பில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ மெஷினில் விரலை விட்டுவிட்டான். அவள் அதைத்தான் நினைத்தாள். குரல் என்னுடையது என்று எப்படித் தெரிந்ததோ, பிளேடைப் போட்டுவிட்டு எழுந்து, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே என்னை நோக்கி ஓடி வந்தாள். வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டாள்.

“எங்க? எந்த விரலு? இன்னாய்யா ஆச்சி, சொல்லேன்!”

அவளுக்குப் பின்னால் ட்ராலி தூணை உரசித் திரும்பியது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்த நீல வாளி ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் தட்டையாகிப் போனது. சோப்புத் தண்ணீர் எங்கள் காலடி வரை வந்தது. யாரோ ஓடிப்போய் பேனலில் குமிழை அமுக்கியதும் வண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். என் கையை விடவில்லை. அத்தனை பேர் பார்க்க நாங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தோம், எனக்குக் கூச்சம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. எலக்ட்ரீஷியன் வந்து வண்டியைப் பிரித்துப் பார்த்தார். ஒயர் சரி. கண் சரி. பிரேக் சரி. தரையில் கோடு சரி. எதுவும் எரியவில்லை, அறுந்து போகவில்லை.

“மாப்ளைக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீது” என்றார்.

எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப் போயிருந்தால் அதை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிற வண்டி ஏன் என் மனைவியை நசுக்கப் போனது?

“அந்த ஒரு பழம் நசுங்கலியே, அப்பவே நெனச்சேன்” என்றான் பேக்கிங்கில் ஒருவன். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. பழம் என்றால் இன்னொரு பழம் வாங்கலாம்.

மேடத்துக்குப் போன் போயிற்று. லீவில் இருந்தவர் மதியத்துக்குள் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. வந்ததும் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், “அந்த அக்காவும் கூட இருக்கணும் சார், அவங்களுக்குத்தான் சொல்லணும்” என்றார். ட்ரெயினிங் ரூமில் எங்களை உட்கார வைத்தார்கள். நான், என் மனைவி, கழுவுகிற மற்ற பெண்கள், சூப்பர்வைசர், மேனேஜர். அந்த ஏசி அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. பெரிய திரையில் இங்கிலீஷில் வரிவரியாக ஏதோ இருந்தது. கோவிலில் கட்டளைதாரர் பேர் எழுதி வைத்த பலகை மாதிரி.

“அக்கா, வண்டிக்கு ஒரு ஆர்டர் குடுத்தா, அது கெளம்பறதுக்கு முன்னாடி இந்த வரியெல்லாம் மேலருந்து கீழ படிக்கும்” என்றார் மேடம். “இன்னா ஆர்டர், எந்த வழி. இது ரெண்டையும், வரில நேரம் போட்டிருந்தா அதையும் வெச்சி ஒவ்வொரு வரிகூடவும் ஒத்துப் பாக்கும். மொதல்ல எந்த வரி ஒத்துப்போவுதோ, அதுல சொன்னபடி செய்யும். அதோட நின்னுடும். அதுக்குக் கீழ இருக்கறத படிக்காது.”

மேலே இருந்த முதல் வரியைக் காட்டினார். ஒரு நட்சத்திரம், பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம், ஒரு வார்த்தை.

“இது பூஜைக்கு நான் எழுதினது. வழியோட பேர் எழுதற எடத்துல நட்சத்திரம் போட்டா, எந்த வழியா இருந்தாலும்னு அர்த்தம். ஆர்டர் எழுதற எடத்துலயும் போட்டேன். எந்த ஆர்டர், எந்த வழியா இருந்தாலும் விடு. அவசரத்துல எல்லாத்துக்கும் மேல போட்டுட்டேன். திரும்ப எடுக்கல.”

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகு காலம் என்று அவசரப்படுத்தியது யார் என்பதை மேடம் கடைசி வரை சொல்லவில்லை.

என் மனைவிதான் கேட்டாள்.

“அப்ப நாங்க கழுவுற நேரத்துக்குன்னு ஒரு ரூலு இருந்துச்சே, அத்த அழிச்சிட்டீங்களா?”

“இல்லக்கா. இருக்கு.” திரையில் கொஞ்சம் கீழே ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “இதோ. இப்பவும் இருக்கு.”

“இருக்குதா?”

“இருக்கு. ஆனா அதுவரைக்கும் படிக்கவே இல்ல. மேல இருக்கறது ஒத்துப்போச்சு இல்ல.”

அந்த வரி அழிந்து போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அது இருந்தது. சரியாக இருந்தது. என் மனைவி உட்கார்ந்திருந்த நேரம், உட்கார்ந்திருந்த சந்து, எல்லாம் அதில் எழுதியிருந்தது. வண்டி அந்த வரி வரைக்கும் வரவே இல்லை.

நான் கேட் செக்யூரிட்டியை நினைத்துக்கொண்டேன். பூஜை அன்றைக்கு யாரிடமும் பாஸ் கேட்காதே என்று அவரிடம் சொன்னார்கள். லீவு முடிந்து வந்த காலை, யாரும் சொல்லாமலே என்னிடம் பாஸ் கேட்டார். பூஜை முடிந்தது அவருக்குத் தெரியும். தோரணம் வாடியிருப்பதை அவர் பார்க்கிறார். வண்டியும் அப்படித்தான் இருக்கும் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனோ?

“மேடம், நா அங்க குந்திக்கினு இருக்கறது அதுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் என் மனைவி.

“தெரியாதுக்கா. எதிர்ல இருந்தாத்தான் தெரியும். மத்தபடி மணி எத்தன, வழியோட பேர் இன்னா, அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.”

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். மேனேஜர் பூஜைக்கு எழுதிய வரியை எடுத்துவிடச் சொன்னார். மேடம் ஒரு பட்டனைத் தட்டினார். மேலே இருந்த வரி காணாமல் போனது, கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி ஏறின. நான் திடுக்கிட்டுப் போனேன். அவ்வளவுதானா? ஒரு உயிர் போகிறதும் இருக்கிறதும் அந்த ஒரு தட்டுதானா?

“இனிமே பயமில்லம்மா, நாளைக்கு வழக்கம்போல வரலாம்” என்றார் மேனேஜர்.

“எனக்கு அந்த எடம் வேணாம் சார்” என்றாள் அவள்.

“சரி, கேன்டீன் பக்கம் மாத்தச் சொல்றேன்.”

“கேன்டீனும் வேணாம். நா போனா அங்க இன்னொருத்தி வந்து குந்துவா. இவங்கள்ல யாரோ ஒருத்தி.” மற்ற பெண்களைக் கையால் காட்டினாள். “நீங்க எழுதறத நா குத்தம் சொல்லல. எனக்கு அத்தப் படிக்கத் தெரியாது. எழுதி இருக்குதா, எடுத்துட்டாங்களா, மேல யாராச்சும் இன்னொண்ணு எழுதிட்டாங்களான்னு காலைல எனக்கு யாரு சொல்லுவா?”

மேடம் மேனேஜர் பக்கம் திரும்பி, “வண்டில சாவி இருக்கு சார்” என்றார். “சாவிய எடுத்துட்டா வண்டி செத்த மாதிரி. எந்த ரூலும் ஓடாது, எந்த ஆர்டரும் ஏறாது.”

“அப்ப அத்த எங்க கையில குடுங்க” என்று மூலையிலிருந்து ஒரு அக்கா சொன்னாள். “நாங்க கழுவி முடிச்சித் திருப்பித் தரோம்.”

“அதுவரைக்கும் சரக்கு எப்படிம்மா போகும்?” என்றார் மேனேஜர்.

“முன்ன எப்படிப் போச்சோ அப்படி. இவரு தள்ளிக்கினு போவட்டும்” என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி. அவ்வளவு கலவரத்திலும் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சரி என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. சிக்னலில் பஸ் நின்றபோது சிவப்பு பச்சையானது. டிரைவர் பஸ்ஸை எடுத்தார். என் கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பச்சையைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வண்டியிலிருந்து சாவியை உருவி என் கையில் வைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. “போ, குடுத்துட்டு வா” என்றார்.

பிரஸ் ஷாப் முழுக்க என்னைப் பார்த்தது. நான் சந்துக்குள் நடந்தேன். அவள் சேலை மேல் போட்ட கம்பெனிக் கோட்டின் பட்டனைக் கழற்றி, சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கழுவி முடிச்சிட்டுக் குடுக்கறேன். அதுவரைக்கும் கேக்காத.”

“சரிம்மா” என்றேன். கம்பெனிக்குள் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

திரும்பி வந்து பேனல் முன்னால் நின்றேன். திரை கறுப்பாக இருந்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கைவண்டியைத் தள்ளப் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மெஷின் ஒன்று மூச்சு விட்டு இன்னொன்று அடிப்பதற்குள் இருக்கிற இடைவெளியில், சந்துக்குள்ளிருந்து தரை தேய்க்கிற சத்தம் வந்தது. அடுத்த அடியில் மறைந்தது, மறுபடி வந்தது. அது வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.